காரைக்குடி பக்கம் கிறிஸ்தவ ஆஃப்-ரோடு குழு இருக்கா? தடம் எங்க? அவசரம்

செம்மண்புழுதி (ஞாயிறு, இரவு 9.40)
எல்லாருக்கும் வணக்கம். நம்ம பக்கம் கிறிஸ்தவங்க சேர்ந்து ஜீப் எடுத்துட்டு ஆஃப்-ரோடு போற குழு ஏதாவது இருக்கா? இருந்தா யாரைப் பிடிக்கணும்னு சொல்லுங்க. ஓட்டுறதுக்கு நல்ல தடமும் வேணும். என்கிட்ட மஹிந்திரா தார் ஜீப் இருக்கு. வர்ற சனிக்கிழமை போயே ஆகணும், அதை விட்டா லீவு கிடையாது. சீக்கிரம் சொல்லுங்க.

ஸ்டெப்னி
எந்த தார்? நாலு சக்கரமும் இழுக்கிறதா, பின்சக்கரம் மட்டும் இழுக்கிறதா? 2023-ல இருந்து ரெண்டு மாதிரியும் வருது, வெளிய இருந்து பார்த்தா வித்தியாசமே தெரியாது. அதைச் சொல்லாம தடம் சொல்ல முடியாது. எந்த ஊர்ல இருந்து கிளம்புறீங்க? தனியாவா, குடும்பத்தோடயா?

காத்து18
எந்த வண்டியா இருந்தாலும் சரி, முதல்ல டயர் காத்தை இறக்குங்க. ரோட்டுக்கு 32 பி.எஸ்.ஐ. வெச்சிருப்பீங்க, மணலுக்கு 18. மாட்டுற வண்டியில பாதி காத்து இறக்காததால மாட்டுறதுதான்.

சருகணி அக்கா
தம்பி, ஆர்.சி.யா, சி.எஸ்.ஐ.யா, பெந்தெகோஸ்தேயா? பிரிச்சுப் பேசணும்னு கேக்கல. பங்குச் சாமியார்கிட்ட கேக்கணுமா, போதகர்கிட்ட கேக்கணுமான்னு தெரியணும்ல. எங்க பங்குல இளைஞர் இயக்கத்துப் பையங்க ரெண்டு பேர் பழைய ஜீப் வெச்சிருக்காங்க.

லோ ரேஞ்ச்
இந்த மாதிரிக் கேள்வி மாசத்துக்கு ஒண்ணு வருது. வண்டி வாங்கி ஆறு மாசம் ஆகியிருக்காது, உடனே குழு வேணும், தடம் வேணும், சனிக்கிழமைக்குள்ள வேணும். தம்பி, நான் இந்த மண்ணுல 19 வருஷமா ஓட்டுறேன். முதல்ல நாலு சக்கர இழுவையில 4எச் (வேக கியர்) எப்ப போடணும், 4எல் (மெதுவான, பலமான கியர்) எப்ப போடணும்னு தெரியுமா உங்களுக்கு? வண்டியோட இழுவைக் கொக்கி எங்க இருக்குன்னு குனிஞ்சு பார்த்திருக்கீங்களா? மகாராஷ்டிராவில இகத்புரியில மஹிந்திராவே பயிற்சிக்கூடம் நடத்துறாங்க. கத்துக்கிட்டு வாங்க. ஜீப்புக்குச் சாதி மதம் கிடையாது, கிறிஸ்தவக் குழு எதுக்குன்னும் எனக்குப் புரியல.

கடல்கடந்தவன்
லோ ரேஞ்ச் அண்ணே, கலிபோர்னியாவில நான் நாலு வருஷம் இருந்தேன். அங்க சபை ஆட்களே சேர்ந்து ஜீப்ல போறது சாதாரணம். தடம் ஆரம்பிக்கிற இடத்துல வண்டிகளை வட்டமா நிறுத்தி, சின்னதா ஒரு ஜெபம், அப்புறம் கிளம்புவாங்க. மோட்டார் சைக்கிள்காரங்களுக்கு 1975-லயே கிறிஸ்தவ சங்கம் வந்துருச்சு. அங்க இருக்கிற ரூபிகான் மலைத் தடத்துல ஜீப்புகள் கூட்டமாப் போக ஆரம்பிச்சது 1953. ஆக குழு எப்படி அமைஞ்சாலும் தடம் எல்லாருக்கும் பொதுதான்.

ஆனா அங்க ஒரு வசதி. எந்தப் பாதையில வண்டி விடலாம், எந்த மாசம் விடலாம்னு வனத்துறையே வரைபடம் போட்டு இலவசமாக் குடுக்கும். நம்ம ஊர்ல அப்படி ஒண்ணு இல்ல. இங்க காலியாத் தெரியிற ஒவ்வொரு இடத்துக்கும் சொந்தக்காரர் ஒருத்தர் இருக்கார். வனத்துறை, பொதுப்பணித்துறை, கோயில், பஞ்சாயத்து, பட்டாக்காரர்னு யாராவது. அதனால "தடம் எங்க"ன்னு கேக்குறதுக்கு முன்னாடி "யார் இடம்"னு கேளுங்க.

கண்மாய்க்கரை
கடல்கடந்தவன் சொன்னதுக்கு மேல ஒண்ணு. தைலமரக் காட்டுக்குள்ள நேரா ஒரு பாதை போகும், பார்க்க அழகா இருக்கும். அது வனத்துறைப் பாதை. அனுமதி இல்லாம இறங்கினா வழக்கு. ஆத்துப் படுகை வேற விஷயம். மணிமுத்தாறு, விரிசுழி ஆறு எல்லாம் காஞ்சு மணலாக் கிடக்கும், ஆசை வரும். ராத்திரியில ஒரு வண்டி வெளிச்சம் ஆத்துக்குள்ள தெரிஞ்சாப் போதும், மணல் திருடன்னு ஊரே கம்போட வந்துரும். அவங்க மேல தப்பு சொல்ல முடியாது, அந்த மணலைக் காப்பாத்த அவங்க பட்ட பாடு அப்படி.

செம்மண்புழுதி (திங்கள், காலை 6.15)
மன்னிக்கணும், அவசரத்துல விவரம் விட்டுட்டேன். தேவகோட்டை. சி.எஸ்.ஐ. வண்டி பின்சக்கரம் மட்டும்தான். மனைவியும் ஏழு வயசுப் பையனும் வருவாங்க. ஷார்ஜாவில வேலை. அங்க எங்க சபை ஆட்களோட வெள்ளிக்கிழமை காலை ஆராதனை முடிச்சு, மதியம் அல் பதாயர் மணல்மேட்டுக்குப் போவோம். அதான் பழக்கம். இங்க நான் விசாரிச்ச குழு எல்லாம் ஞாயித்துக்கிழமை காலை 5 மணிக்குக் கிளம்புறாங்க. எனக்கு ஞாயிறு காலை ஆராதனை விட முடியாது. ராத்திரி கேம்ப்ல பாட்டில் இருக்கும்னும் சொன்னாங்க, பையனைக் கூட்டிட்டு அங்க போக மனசு வரல. வேற எந்தக் காரணமும் இல்ல அண்ணே. ஆயர்கிட்ட கேட்டேன், அவருக்கு ஜீப் பத்தி ஒண்ணும் தெரியல.

சருகணி அக்கா
ஆயர்கிட்டயே கேட்டுட்டீங்களான்னு ஒரு நிமிஷம் திகைச்சுப் போனேன். எங்க பக்கம் ஆயர்னா மறைமாவட்டத்துக்கே தலைவர். உங்களுக்குச் சபைப் போதகர், சரிதான்.

அவருக்கு ஜீப் தெரிய வேண்டாம் தம்பி, வாட்ஸாப் தெரிஞ்சாப் போதும். சபைக் குழுவுல ஒரு வரி போடச் சொல்லுங்க: "சனிக்கிழமை காலை ஜீப் வெச்சிருக்கறவங்க வரலாம், குடும்பத்தோட, மது கிடையாது." குழுவைத் தேடிப் போறதை விட இது சீக்கிரம் நடக்கும். எங்க ஆட்களையும் சேர்த்துக்கிறோம். எங்களுக்குச் சனிக்கிழமை சாயங்காலத் திருப்பலியே ஞாயித்துக்கிழமைக் கடமைக்குச் செல்லும், ஆனாலும் சனிக்கிழமைன்னா யாருக்கும் இடைஞ்சல் இல்ல.

ஸ்டெப்னி
பின்சக்கர வண்டி, கூட சின்னப் பையன். அப்படின்னா தடம்னு பெருசா யோசிக்காதீங்க, செம்மண் பாதை போதும். தனியாப் போகாதீங்க. கூட வர்றதுல ஒண்ணாவது ஃபோர்-வீலா இருக்கணும்.

பழைய மேஜர்
தம்பி, எனக்கு 71 வயசு. காரைக்குடியில இருந்து கிழக்கே எல்லாம் கண்மாய்க் கரை மேலதான் ஜீப் ஓட்டுவோம். கரை உயரமா இருக்கும், ஒரு பக்கம் தண்ணி, ஒரு பக்கம் வயல். அதை விட நல்ல தடம் கிடையாது. இப்ப அறுப்பு முடிஞ்சிருச்சு, கூட்டமும் இருக்காது. அதையே பிடிங்க.

கண்மாய்க்கரை
ஐயா, உங்க மேல மரியாதை வெச்சே சொல்றேன், தயவுசெஞ்சு கரை மேல வண்டி விடச் சொல்லாதீங்க.

பழைய மேஜர்
ஏன்? அதுல மாட்டுவண்டி போகலியா? நெல்லு மூட்டையோட போச்சே?

கண்மாய்க்கரை
போச்சு ஐயா. மாட்டுக் குளம்பு மிதிக்க மிதிக்கக் கரை இறுகும். டயர் சுத்துனா மண்ணைப் பறிக்கும். இது ஒன்றரை டன்னுக்கு மேல இருக்கிற வண்டி. பள்ளமா விழுந்த டயர் தடத்துல ஐப்பசி மழை தேங்கும், தேங்கின தண்ணி உள்ள ஊறும், கார்த்திகையில கண்மாய் நிறைஞ்சு நிக்கிறப்ப அந்த இடம்தான் முதல்ல வாயைத் திறக்கும். எங்க ஊர்க் கரை அப்படித்தான் உடைஞ்சுச்சு. ராத்திரி ரெண்டு மணிக்கு ஆம்பளை பொம்பளை எல்லாரும் மணல் மூட்டை தூக்கினோம். அன்னைக்குப் போன நாத்து திரும்பி வரல.

லோ ரேஞ்ச்
ஒரு ஜீப் போனதால கரை உடைஞ்சுச்சுன்னு சொல்றது மிகை. எலி வளையும் சீமைக்கருவேல வேரும்தான் காரணமா இருக்கும். 19 வருஷத்துல நான் எத்தனையோ கரையில போயிருக்கேன்.

கண்மாய்க்கரை
எலி வளையும் ஒரு காரணம்தான். ஆனா எலியைக் கேக்க முடியாது, உங்களைக் கேக்கலாம். திருப்பத்தூர்ப் பக்கம் கொள்ளுகுடிப்பட்டியில, வேட்டங்குடிச் சரணாலயத்துக்கு வர்ற பறவை பயந்துரும்னு ஊரே தீபாவளிக்கு வெடி போடுறதில்ல. சட்டத்துக்குப் பயந்து செய்யல, கண்மாய் எங்களுதுன்னு செய்றாங்க. அந்த மண்ணுல ஓட்டுறவங்க கரையையாவது விட்டு வைக்கலாம்.

பழைய மேஜர்
நாத்து போச்சுன்னு சொன்னதுக்கு அப்புறம் நான் என்ன பேச. சரி தம்பி. கரை வேண்டாம்.

திருவாடானையான்
கரை வேண்டாம்னா உள்ள இறங்கலாம்னு யாரும் நினைச்சுராதீங்க. போன பங்குனியில நான் செஞ்சேன். கண்மாய் முழுக்கப் பாளம் பாளமா வெடிச்சுக் கிடந்துச்சு. ஒரு பாளத்தைக் கையில எடுத்தா ஓடு மாதிரி இருக்கு, தட்டினாச் சத்தம் வருது. குதிகாலால அமுக்கிப் பார்த்தேன், கல்லு. நம்பி இறங்கினேன். அம்பதடி போயிருப்பேன், இடது முன்சக்கரம் மெதுவா உக்காந்துச்சு. ஆக்ஸிலரேட்டரை மிதிச்சது என் தப்பு, நாலும் உக்காந்துருச்சு. கதவைத் திறந்து கால் வெச்சா, வெடிப்புக்குள்ள இருந்து கறுப்பாத் தண்ணி ஊறி மேல வருது. அழுகின பாசி வாடை.

டிராக்டர் கொண்டு வந்தவர் உடனே கட்டல. ஒரு கம்பியை எடுத்துக் குத்திக்கிட்டே என்னைச் சுத்தி நடந்தார். மேல ஒரு சாண் காஞ்சிருக்கு, கீழ கம்பி பாதி வரைக்கும் சேறு. "மடைக்கு முன்னாடி வந்து நிக்கிறியேப்பா, கடைசி சொட்டு வரைக்கும் இங்கதான் நிக்கும்"னார். கண்மாய்லயே ஆழமான இடம் மடைக்கு முன்னாடிதான்னு எனக்கு அன்னைக்குத்தான் தெரியும். ஃபோர்-வீல் வண்டிக்கே அந்தக் கதி.

தேவகோட்டைக்குக் கிழக்கே, ஆர்.எஸ்.மங்கலம், திருவாடானை எல்லாம் களி. காரைக்குடி, கானாடுகாத்தான், திருப்பத்தூர்ப் பக்கம் செம்மண், கீழ செம்புறாங்கல். செம்மண் வழுக்கும், முழுங்காது. பின்சக்கர வண்டிக்கு மேற்குதான்.

காத்து18
களியில காத்து இறக்கினா மட்டும் தப்பிக்க முடியாதுதான், ஒத்துக்கிறேன். நான் சொன்னது மணலுக்கு. 15-க்குக் கீழ மட்டும் போகாதீங்க, டயர் ரிம்மை விட்டுக் கழண்டுரும். திரும்பி ரோடு ஏறும்போது காத்து அடிக்க சின்னக் கம்ப்ரசர் எடுத்துக்கங்க.

லோ ரேஞ்ச்
வெறும் மண் பாதைக்கு இவ்வளவு பேச்சு. இருந்தாலும் சொல்லிடறேன்: செட்டிநாடு கால்நடைப் பண்ணைப் பக்கம் இரண்டாம் உலகப்போர்க் கால ஓடுதளம் கிடக்கு. அது அரசு நிலம், கேக்காம உள்ள போகாதீங்க. ஐயனார் கோயில் காட்டுக்குள்ளயும் வண்டி விடாதீங்க. புரவி வரிசையா நிக்கிற இடம், செருப்பே போட மாட்டாங்க. கிறிஸ்தவக் குழுன்னு பேர் வெச்சுட்டு அங்க போய் வண்டியை உறும விட்டீங்கன்னா, அடுத்து வர்ற எங்க எல்லாரையும் ஊருக்குள்ள விட மாட்டாங்க.

ஞாயித்துக்கிழமை காரணம் நான் யோசிக்காதது. எனக்குச் சனிக்கிழமை வேலை இல்ல. என்கிட்ட ஃபோர்-வீல் மாருதி ஜிப்ஸியும் இழுவைக் கயிறும் இருக்கு. வேணும்னா சொல்லுங்க.

சருகணி அக்கா
இதைத்தான் அண்ணே எதிர்பார்த்தேன்.

தம்பி, ஒரு வழி சொல்றேன். காலையில மேற்கே செம்மண்ல ஓட்டிட்டு, வெயில் ஏறினதும் தார் ரோட்டுக்கு வந்து சருகணி வாங்க. 1973-ல இறந்த லூயி லெவே அடிகளார் கல்லறை எங்க கோயில்லதான் இருக்கு. மத்தியானம் அங்கேயே சாப்பாடு, நான் பொறுப்பு. அப்புறம் திருவாடானை வழியா ஓரியூர். பாம்பாத்தங்கரையில 1693 பிப்ரவரி 4 அன்னைக்கு புனித அருளானந்தரை (ஜான் டி பிரிட்டோ) வெட்டின இடம். மணல் சிவப்பா இருக்கும், அவர் ரத்தம்னு சொல்லி எல்லாரும் ஒரு பிடி எடுத்துட்டுப் போவாங்க. தவக்காலத்துல நிறைய பேர் நடந்தே வருவாங்க, அதனால அந்த ரோட்டுல மெதுவா வாங்க, புழுதி கிளப்பாதீங்க. நீங்க சி.எஸ்.ஐ.ங்கிறதால கட்டாயம் இல்ல, வந்தா சந்தோஷம்.

ஸ்டெப்னி
செம்மண்புழுதி, ஆளைக் காணோமே? உங்க வண்டியில பின்னாடி இழுவைக் கொக்கி இருக்கான்னு பார்த்தீங்களா? டிரெய்லர் மாட்டுற உருண்டையில கயிறைக் கட்டி இழுக்கக் கூடாது, பிச்சுக்கிட்டுக் குண்டு மாதிரிப் பறக்கும். பதில் போடுங்க.

கடல்கடந்தவன்
புதன்கிழமையும் போச்சு. மேல இருந்து படிச்சாராவது தெரிஞ்சாப் பரவாயில்ல.

செம்மண்புழுதி (ஞாயிறு, மதியம் 1.20)
நேத்து போயிட்டு வந்துட்டோம். மொத்தம் நாலு வண்டி. சபையில இருந்து ரெண்டு, லோ ரேஞ்ச் அண்ணன், நான். கானாடுகாத்தான் பக்கம் தெரிஞ்சவர் தோட்டத்துல, அவர்கிட்ட கேட்டுட்டு ஓட்டினோம். ஒரு இடத்துல மணல், 18 வெச்சேன், போயிருச்சு. செம்மண் ஏத்தத்துல ரெண்டு தடவை நின்னுட்டேன், அண்ணன்தான் இழுத்தார். கிளம்புறதுக்கு முன்னாடி பையன் ஜெபம் பண்ணினான். கரையிலயும் ஏறல, கண்மாய்லயும் இறங்கல. சருகணியில அக்கா கையால மீன் குழம்பு. ஓரியூர் மண்ணு ஒரு பிடி டேஷ்போர்டுல இருக்கு. இப்பதான் ஆராதனை முடிஞ்சு வந்தேன், நாளைக்கு ஃப்ளைட். எல்லாருக்கும் நன்றி.

ஸ்டெப்னி
நல்லது. இழுவைக் கொக்கி எங்க இருந்துச்சு, முன்னாடியா பின்னாடியா?