1.33: ஓரிகன் குலுக்கலும் ரத்தக்கொதிப்பும்

பிழைக்கோடு (இழையைத் தொடங்கியவர்), காலை 9.12

நேற்று வரிப்பணம் பற்றிய இழையில் கணக்குப்பிள்ளை ஒரு வெடியைக் கொளுத்திப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். அவர் எழுதியது அப்படியே: "அமெரிக்காவுல ஓரிகன் மாகாணத்துல குலுக்கல் போட்டு ஏழைகளுக்கு மெடிக்கெய்ட்ங்கற அரசுக் காப்பீடு குடுத்துப் பாத்தாங்க. ரெண்டு வருசம் கழிச்சு அளந்தா ரத்தக்கொதிப்பு இறங்கவே இல்ல. வெறும் 1.33. இலவசக் காப்பீடு உடம்புக்கு ஒண்ணும் பண்ணாதுன்னு நிரூபணம் ஆயிருச்சு." அதற்குக் கைதட்டல் வேறு.

அந்த 1.33 எதன் 1.33 என்று தெரிந்துதான் எழுதினாரா?

2008 ஜனவரி கடைசியில் பெயர்ப் பதிவு தொடங்கியது. பிப்ரவரி முடிவதற்குள் 89,824 பேர். இருந்த இடம் சுமார் பத்தாயிரம். மார்ச் முதல் செப்டம்பர் வரை எட்டுத் தடவை குலுக்கி 35,169 பேரை எடுத்தார்கள். பேர் விழுந்தால் காப்பீடு கையில் வந்துவிடாது. விண்ணப்பம் போடும் உரிமை வரும், அவ்வளவுதான். 45 நாளுக்குள் பூர்த்தி செய்து அனுப்ப வேண்டும். அனுப்பியவர்கள் ஏறக்குறைய 60%. அதிலும் பாதி, பெரும்பாலும் வருமானம் வரம்பைத் தாண்டியதால், தள்ளுபடி. ஆகக் கடைசியில் சேர்ந்தவர்கள் 30% அளவுதான். பேர் விழாதவர்களிலும் சிலர் வேறு வழியில் மெடிக்கெய்டுக்குள் வந்துவிட்டார்கள். ரத்தக்கொதிப்பு அளந்த கூட்டத்தில் இரண்டு அணிக்கும் காப்பீட்டில் இருந்த வித்தியாசம் 24.1 விழுக்காட்டுப் புள்ளி.

இப்போது 1.33. அது ரத்தக்கொதிப்பு இறங்கிய அளவு இல்லை. 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தவர்கள், பேர் விழாத அணியில் 100க்கு 16.3 பேர். காப்பீடு பெற்றவர்களிடம் அந்தப் பங்கு 1.33 புள்ளி குறைந்தது. பிழை எல்லையோ, அதாவது உண்மையான மாற்றம் இருக்கக்கூடிய வரம்போ, 7.16 குறைவு முதல் 4.49 கூடுதல் வரை! இவ்வளவு அகலமான வலையில் சுறாவும் சிக்கும், நெத்திலியும் சிக்கும். இதை "ஒன்றுமில்லை" என்று படிப்பவருக்குக் கணக்குப்பிள்ளை என்று பெயர்.

கணக்குப்பிள்ளை, காலை 9.40

பேரை வெச்சுக் கிண்டல் பண்றது உங்க வழக்கம், பண்ணிக்கோங்க. ஒரே கேள்வி. அந்த எல்லைக்குள்ள பூஜ்யம், அதாவது மாற்றமே இல்லங்கறது, இருக்கா இல்லையா?

இருக்கு. முடிஞ்சுது கதை.

எதை அளக்கணும்னு முடிவு பண்ணினது நானா? ஆய்வு பண்ணினவங்களே பகுப்பாய்வுத் திட்டத்தை முன்கூட்டி எழுதி, எல்லாரும் பாக்கிற மாதிரி பதிவு பண்ணி வெச்சாங்க. ரத்தக்கொதிப்பு, கொலஸ்ட்ரால், சர்க்கரை. மூணுமே அசையல. அசையலன்னதும் "ஆள் பத்தல, வலை அகலம்"னு ஆரம்பிச்சாச்சு. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்.

அகத்திக்கீரை, காலை 9.51

ரெண்டு பேரும் "உடம்புக்கு நல்லது"ன்னா என்னன்னு முதல்ல சொல்லிட்டு அடிச்சுக்கக் கூடாதா? மனச்சோர்வு அதே ஆய்வுல 30%ல இருந்து 9.15 புள்ளி இறங்கியிருக்கு. அது உடம்புல சேர்த்தி இல்லையா?

பிழைக்கோடு, காலை 10.05

மனச்சோர்வுக்கு அப்புறம் வருவோம். 1.33ஐ முடிக்காமல் விடப்போவதில்லை.

கணக்குப்பிள்ளை, ரத்த அழுத்தத்தின் மேல் அளவு (140/90இல் 140 இருக்கும் இடம்) சராசரியாகப் பேர் விழாத அணியில் எவ்வளவு தெரியுமா? 119. நூற்றுப் பத்தொன்பது! 119 இருக்கும் ஆளுக்கு எந்த டாக்டர் மாத்திரை எழுதுவார்? அந்தக் கூட்டத்தின் சராசரி இறங்கவில்லை என்று ஆச்சரியப்படுவது, காய்ச்சல் இல்லாதவனுக்குப் பாராசிட்டமால் கொடுத்துவிட்டு வெப்பம் இறங்கவில்லை என்பது போல.

அடுத்து, ஆள் கணக்கு. போர்ட்லண்ட் பகுதியில் 2009 செப்டம்பர் முதல் 2010 டிசம்பர் வரை நேரில் பார்த்து அளந்தது 12,229 பேர். 1.33 புள்ளிக் குறைவு உண்மையாகவே இருந்தால், அதை 80% வாய்ப்போடு கண்டுபிடிக்க எத்தனை பேர் வேண்டும்? எல்லையின் அரை அகலம் 5.83. அதை 1.96ஆல் (95% எல்லைக்கான எண்) வகுத்தால் திட்டப்பிழை, அதாவது மதிப்பீடு தற்செயலாக ஆடும் அளவு, 2.97. தேவைப்படும் திட்டப்பிழை 1.33ஐ 2.8ஆல் (80% வாய்ப்புக்கான எண்) வகுத்தது, அதாவது 0.475. இரண்டுக்கும் உள்ள விகிதத்தை வர்க்கப்படுத்தினால் 39. 12,229ஐ 39ஆல் பெருக்குங்கள். நாலே முக்கால் லட்சம் பேர். பதிவு செய்த மொத்தக் கூட்டமே 90 ஆயிரத்தைத் தொடவில்லை.

ஏன் இவ்வளவு என்றால் அந்த 24.1தான் காரணம். பேர் விழுந்த எல்லாருக்கும் காப்பீடு கிடைத்து, மற்றவர் யாருக்கும் கிடைக்காமல் இருந்திருந்தால், இதே துல்லியத்துக்கு இதில் 17இல் ஒரு பங்கு ஆள் போதும். நாலில் ஒரு பங்கு வித்தியாசம் என்றால் ஆள் கணக்கு நாலு மடங்கு இல்லை, அதன் வர்க்கம். இந்த இடத்தில்தான் பாதிப்பேர் கவிழ்கிறார்கள்.

கணக்குப்பிள்ளை, காலை 10.31

அப்ப உங்க கணக்குப்படி எந்த ஆய்வும் இதைத் தப்புன்னு காட்ட முடியாது. பலன் வந்தா "பாத்தியா", வரலன்னா "ஆள் பத்தல". நல்லா இருக்கு ஞாயம்.

அதே 7.16ஐ நான் இன்னொரு மாதிரி படிக்கிறேன். 16.3ல 7.16 போனா 9.1. அதுக்குக் கீழ இறங்கியிருக்க வாய்ப்பு கம்மினு ஆய்வு சொல்லுது. அதாவது "காப்பீடு குடுத்தா ரத்தக்கொதிப்புக்காரங்க பாதியாக் குறைவாங்க"ன்னு பேசினவங்க வாயை அடைச்சிருச்சு. அந்த அளவுக்கு வாக்குறுதி குடுத்துதான திட்டம் வித்தீங்க?

அப்புறம் மாத்திரைக் கணக்கைப் பாருங்க. ரத்தக்கொதிப்பு மாத்திரை சாப்பிடறவங்க 13.9%ல இருந்து கூடினது வெறும் 0.66 புள்ளி. டாக்டர் மாத்திரையே எழுதலன்னா கொதிப்பு எப்படி இறங்கும்? இது ஆள் பத்தாத பிரச்சினை இல்ல. சிகிச்சையே நடக்காத பிரச்சினை. 1.33!

பிழைக்கோடு, காலை 10.44

0.66இன் எல்லையையும் போடுங்களேன். 4.48 குறைவு முதல் 5.80 கூடுதல் வரை. அதுவும் அதே அகல வலைதான். வசதியான பாதியை மட்டும் படிக்கும் பழக்கம் உங்களை விட்டுப் போகாது.

சர்க்கரைக்கு வாருங்கள். புதிதாக நோய் கண்டறியப்பட்டவர்கள் 3.83 புள்ளி கூடினார்கள், மருந்து சாப்பிடுபவர்கள் 5.43 புள்ளி கூடினார்கள். இரண்டும் தெளிவான முடிவுகள். இவ்வளவு மருந்து கூடினால் மொத்தக் கூட்டத்தின் எச்பிஏ1சி (சில மாதச் சர்க்கரை அளவைக் காட்டும் ரத்தச் சோதனை) சராசரி எவ்வளவு இறங்கும் என்று ஆய்வாளர்களே கணக்கிட்டார்கள்: 0.05. அது அவர்கள் பிழை எல்லைக்குள் சௌகரியமாக உட்கார்ந்திருக்கிறது. வேலை செய்கிற மருந்தைக் கொடுத்தாலும் இந்த ஆய்வின் கண்ணுக்குத் தெரியாது என்பதுதான் இதன் பொருள். எச்பிஏ1சி 6.5ஐத் தொட்டவர்களே 5.1% தான் அங்கே.

வட்டக்கோட்டை, காலை 10.58

இடையில் ஒரு சொல். இந்தச் சண்டைக்கு வேர் மொழிபெயர்ப்பு. "சிக்னிஃபிகன்ட்" என்பதைச் செய்தித்தாள்கள் "குறிப்பிடத்தக்க" என்று எழுதுகின்றன. "குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை" என்றால் நம் காதில் "பெரிதாக ஒன்றும் மாறவில்லை" என்றுதான் விழும். "தற்செயல் என்று தள்ளிவிட முடியாத அளவுக்குச் சான்று இல்லை" என்பதல்லவா பொருள்? "பொருளுடைமை" என்ற சொல்லைப் பயன்படுத்துவோம்.

கணக்குப்பிள்ளை, காலை 11.02

பொருளுடைமைன்னா எங்க ஊர்ல சொத்து.

வட்டக்கோட்டை, காலை 11.06

சொத்து "உடைமை". சொல்லை முழுதாகப் படிக்காதவர் பிழை எல்லையை முழுதாகப் படிக்காததில் வியப்பில்லை.

மூனாபானா, காலை 11.20

இதெல்லாம் எதுக்குங்க, நம்ம முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கும் இதே கதிதான்னு சொல்லிட்டுப் போங்க.

பிழைக்கோடு, காலை 11.27

மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சு. நம் காப்பீட்டுத் திட்டம் படுக்கையில் சேர்ந்து செய்யும் அறுவைச் சிகிச்சை, பெரிய சிகிச்சைகளுக்கு, சிகிச்சைக்கு இவ்வளவு என்று விலை பேசிக் கொடுப்பது. ரத்தக்கொதிப்பு மாத்திரை அதில் வராது. அது ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கும், 2021க்குப் பிறகு மக்களைத் தேடி மருத்துவம் வழியாக வீட்டுக்கும் வரும். காப்பீட்டு அட்டை வைத்திருப்பவரையும் இல்லாதவரையும் ஒப்பிட்டு ரத்தக்கொதிப்பு அளந்தால் இரண்டு பேரும் ஒரே இடத்தில்தான் மாத்திரை வாங்கியிருப்பார்கள். ஓரிகனில் காப்பீடு இல்லையென்றால் டாக்டரும் கைக்காசு, மாத்திரையும் கைக்காசு.

தரவுத்தச்சன், மதியம் 12.15

1.33 பற்றி எனக்குக் கவலை இல்லை. பொதுவில் கிடைக்கும் தரவை இறக்கிச் சும்மா சராசரி எடுத்து "பேர் விழுந்தவங்க நிலைமை மோசம்" என்று படம் போடுகிறவர்களுக்குச் சொல்கிறேன். குலுக்கலில் ஒருவர் பேர் விழுந்தால் வீட்டில் உள்ள எல்லாரும் விண்ணப்பிக்கலாம். ஆகப் பட்டியலில் மூன்று பேர் உள்ள வீட்டுக்கு வாய்ப்பு அதிகம். பெரிய வீடும் தனியாளும் ஒரே மாதிரி இல்லை. வீட்டிலிருந்து பட்டியலில் எத்தனை பேர் என்பதைக் கணக்கில் ஒரு மாறியாக (variable) சேர்க்காமல் ஓட்டினால் குலுக்கல் குலுக்கலாகவே இருக்காது. பிழையை வீடு வாரியாகத் தொகுக்கணும். நேர்காணல் தரவு என்றால் எடையும் போடணும், ஏனென்றால் பதில் தராதவர்களில் ஒரு மாதிரியை மட்டும்தான் மறுபடி துரத்திப் பிடித்தார்கள்.

கணக்குப்பிள்ளை, மதியம் 12.33

அந்தப் படம் நான் போட்டது இல்ல. யாரைச் சொல்றீங்கன்னு பேரைப் போட்டுச் சொல்லுங்க.

தரவுத்தச்சன், மதியம் 12.35

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்.

கணக்குப்பிள்ளை, மதியம் 12.52

சரி, மனச்சோர்வுக்கு வரேன், அகத்திக்கீரை கேட்டாரே. அது எட்டுக் கேள்வி கேட்டு மார்க் போடறது. ரத்தம் எடுத்துப் பாத்தது இல்ல. முதல் வருச ஆய்வுலயே "என் உடம்பு நல்லா இருக்கு"ன்னு சொன்னவங்க கூடினதுல மூணுல ரெண்டு பங்கு, காப்பீடு கிடைச்ச ஒரு மாசத்துக்குள்ளயே வந்திருச்சு. டாக்டரைப் பாக்கறதுக்கு முன்னாடியே! அட்டை கையில வந்த நிம்மதி அது. நிம்மதிக்கு மருந்துன்னு பேர் வெக்காதீங்க.

அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போறது குறையும், செலவு மிச்சமாகும்னு சொன்னாங்க. 40% கூடிருச்சு.

அகத்திக்கீரை, மதியம் 1.04

கடன் பயம் போனா மனச்சோர்வு இறங்கும்னா அதுவும் பலன்தானே சார். பெரிய மருத்துவச் செலவுல வீடு முழுகறது 5.5%ல இருந்து கிட்டத்தட்ட இல்லாமலே போயிருக்கு. காப்பீடுங்கறதே அதுக்குத்தான்னு நினைச்சிட்டு இருந்தேன்.

பிழைக்கோடு, மதியம் 1.10

40% பேர் கூடுதலாகப் போனார்கள் என்று யாராவது படித்துவிடப் போகிறார்கள். 18 மாதத்தில் ஆளுக்கு 1.02 முறை போனது 1.43 ஆனது. ஒரு தடவையாவது போனவர்கள் 34.5%இலிருந்து 7 புள்ளி கூடினார்கள். கதவு திறந்தால் ஆள் வருவார்கள்.

"எந்த ஆய்வும் காட்ட முடியாது" என்றீர்களே, காட்டிய ஆய்வைச் சொல்கிறேன். காப்பீடு எடுக்காமல் அபராதம் கட்டிய 45 லட்சம் குடும்பங்களுக்கு அமெரிக்க வருமான வரித்துறை கடிதம் அனுப்ப நினைத்தது. பணம் பத்தவில்லை, குலுக்கி 39 லட்சம் குடும்பங்களுக்கு மட்டும் அனுப்பினார்கள். 45 முதல் 64 வயதுக்குள் 1,648 பேருக்குக் கடிதம் போனால் ஒரு சாவு குறைந்தது. ஆள் இருந்தால் பலன் தெரிகிறது.

கணக்குப்பிள்ளை, மதியம் 1.29

அது கடிதம். மெடிக்கெய்ட் குலுக்கல் இல்ல. ரத்தக்கொதிப்பும் அளக்கல. நான் கேட்டது 1.33.

ராண்ட் சோதனை இருக்கே, அமெரிக்காவுல ராண்ட் நிறுவனம் பண்ணின காப்பீட்டுச் சோதனை, 1974ல இருந்து 1982 வரைக்கும். ஒரு பக்கம் முழு இலவசம், இன்னொரு பக்கம் 95% வரைக்கும் கைக்காசு. சராசரி ஆளுக்கு உடம்புல வித்தியாசம் கிட்டத்தட்ட இல்ல.

பிழைக்கோடு, மதியம் 1.36

சிரித்துவிட்டேன். அதே ராண்ட் சோதனையில் ஏழையாகவும் ரத்தக்கொதிப்போடும் இருந்தவர்களுக்கு இலவசத்தில் கொதிப்பு நன்றாகவே இறங்கியது. நாம் பேசும் அதே ஆட்கள், அதே கொதிப்பு. அந்த வரியை மட்டும் எலி தின்றுவிட்டதா?

கணக்குப்பிள்ளை, மதியம் 1.48

போன மாசம் தாய்லாந்து இழைல என்ன பேசினீங்க? 30 பாட் திட்டம், தடவைக்கு 30 பாட் கட்டினா சிகிச்சை, 2001, 2002. அங்க குலுக்கலே கிடையாது. ஏழை மாகாணங்கள்ல குழந்தைச் சாவு குறைஞ்சுதுன்னதும் ஆடிப் பாடினீங்க. உங்களுக்குப் பிடிச்ச பதில்னா குலுக்கல் வேண்டாம், பிடிக்காத பதில்னா நாலே முக்கால் லட்சம் பேர் வேணும்.

பிழைக்கோடு, மதியம் 2.02

அது வெறும் முன்னே பின்னே ஒப்பீடு இல்லை என்று அங்கேயே மூன்று தடவை எழுதினேன். பழைய ஏழை நலத் திட்டத்தில் ஆஸ்பத்திரிக்குத் தலைக்கு வந்தது சொற்பம். 2002இல் தலைக்கு 1,202 பாட் ஆனது. ஆகப் பணம் எங்கே அதிகமாகப் பாய்ந்திருக்குமோ அந்த மாகாணங்களையும் மற்றவற்றையும் ஒப்பிட்டார்கள். நீங்கள் அன்றைக்கும் படிக்காமல் "பூஜ்யம் உள்ளே இருக்கா" என்றுதான் கேட்டீர்கள்.

கணக்குப்பிள்ளை, மதியம் 2.05

அன்னைக்கும் பதில் வரல. இன்னைக்கும் வரல. பூஜ்யம் உள்ள இருக்கா இல்லையா?

பிழைக்கோடு, மதியம் 2.06

7.16உம் உள்ளேதான் இருக்கிறது.

மூனாபானா, மதியம் 2.11

அப்ப நம்ம ஊர் திட்டம் வேஸ்ட்டா இல்லையா, ஒரு வார்த்தைல சொல்லுங்க.

வட்டக்கோட்டை, மதியம் 2.19

"பொருளுடைமை"க்கு மறுப்பு வராததால் ஏற்றுக்கொள்ளப்பட்டதாகக் கருதுகிறேன்.

கணக்குப்பிள்ளை, மதியம் 2.20

யார் ஏத்துக்கிட்டது?