தோடைக்குப் போடுற பசளை பீலிக்கு வருது. செலவு யாரோடது?

பசறைப்பக்கம்:
எங்க லய வீட்டு வரிசைக்கு மேல முந்தி தேயிலை, இப்ப தோடம்பழ மரமும் தேசிக்காய் மரமும். ஐப்பசி மழைக்கு முன்னுக்கு ஒரு வருசத்து யூரியாவையும் ஒரே நாள்ல மரத்தடியில கொட்டிட்டு இறங்கிடுறாங்க. கீழ ஊத்துத் தண்ணி விழுற பீலியில குடம் வைக்கிறது நாங்க. 1 கிலோ யூரியாவுல 460 கிராம் நைதரசன். அவ்வளவும் நைத்திரேற்றா மாறினா கிட்டத்தட்ட 2 கிலோ. குடிதண்ணிக்கு உலக சுகாதார நிறுவனம் வச்ச எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். 40,000 லீற்றர் தண்ணிய அந்த எல்லைக்குக் கொண்டு வர அந்த ஒரு கிலோ போதும். கொதிக்க வச்சா போகாது, வத்த வத்தக் கூடத்தான் செய்யும். கைப்பிள்ளைக்குப் பால்மா கரைக்கிறதும் இந்தத் தண்ணியிலதான். ஒரே தடவையில போடுறதச் சட்டம் போட்டு நிறுத்தணும், நாலு தடவையாப் பிரிச்சுப் போட வைக்கணும்.

மேட்டுத்தோட்டம்:
அக்கா, சட்டம்னா எனக்கு வயிறு எரியுது. 2021ல இலங்கை அரசாங்கம் ரசாயனப் பசளை இறக்குமதியத் திடீர்னு நிறுத்துச்சு, கார்த்திகையில திரும்பத் திறந்தாங்க. அதுக்குள்ள என் மரமெல்லாம் மஞ்சளாப் போச்சு, அந்த நட்டத்துக்கு ஒருத்தரும் வந்து நிக்கல. இப்ப நாலு தடவையாப் போடச் சொல்றீங்க. எனக்கு 2 ஏக்கர். தடவைக்கு ரெண்டு ஆள். நாலு தடவைக்கு எட்டுக் கூலி. பழத்துக்கு ஏவாரி சொல்றதுதான் விலை. வெலிமடைப் பக்கம் உருளைக்கிழங்குக்குக் கொட்டுறதப் பார்த்துட்டு எங்கிட்ட வாங்க.

மானாப்புல்:
ரெண்டு பேரும் கோவிக்காதீங்க. சரிவுக்குக் குறுக்கால மானாப்புல் வரிசை நட்டு, தண்ணி ஓடுற கானையும் துப்புரவா வச்சிருந்தா பசளை கீழ வராதே?

ஓயாக்கரை:
பாதிதான் சரி. புல் வரிசை மண்ணப் பிடிக்கும், மண்ணோட ஒட்டிப் போற பொசுபரசையும் பிடிக்கும். அதுக்காகவே நடலாம். நைத்திரேற்று தண்ணியில கரைஞ்சு நிலத்துக்குள்ள இறங்கி, ஊத்துல வெளிய வருது. அதப் புல் வரிசை பெருசா மறிக்காது. எவ்வளவு போடுறோம், எப்பப் போடுறோம், எங்க போடுறோம், இந்த மூணுதான் அதுக்கு வழி.

தோடைக்குச் சாப்பாடு எடுக்கிற மெல்லிய வேர் பெரும்பாலும் மேல் ரெண்டடி மண்ணுலதான். அடிமரத்த ஒட்டிக் கொட்டினா பாதி வேருக்கு எட்டாது. கொப்பு நுனியில மழைத்தண்ணி சொட்டுற வட்டத்துல தூவி, லேசா மண் போட்டு, கிளிரிசீடியா தழையால மூடணும். பெருமழை ரெண்டு நாள்ல வரும்னு தெரிஞ்சா மூட்டையப் பிரிக்கவே கூடாது. நான் மூணு வருசமா இப்படித்தான். பசளை குறைச்சேன், காய்ப்புக் குறையல.

பசறைப்பக்கம்:
தம்பி, கூலிக் கணக்கு நியாயந்தான். அத நான் யோசிக்காம விட்டது பிழை. புளோரிடாவுலயும் தோடைத் தோட்டத்து மணல் வழியா நைத்திரேற்று நிலத்தடித் தண்ணிக்கு இறங்கினது. நல்ல முறையப் பின்பற்றுறேன்னு கையெழுத்து வச்ச விவசாயிக்கு அங்க செலவுல ஒரு பங்கு கிடைக்க வழி இருக்கு. இங்க துண்டுப்பிரசுரம் மட்டும்தான் வருது. கூடுதல் கூலிய மானியமாக் குடுக்கச் சொல்லி நாங்களும் உங்களோட வந்து கேட்கிறோம்.

மேட்டுத்தோட்டம்:
அங்க விவசாயிகிட்ட காணி உறுதி இருக்கு. என் நிலத்துக்கு இல்ல. மானியப் படிவத்துல முதல் கேள்வியே அதுதான். கல்லுக்கட்டுக் கட்டி, புல் நட்டு, அடுத்த வருசம் இறங்குன்னு சொன்னா நான் எங்க போறது? உறுதி இல்லாதவனுக்கு அந்த எட்டுக் கூலியக் கையில தர ஒரு வழி சொல்லுங்க, நான் நாலு தடவை இல்ல, அஞ்சு தடவை ஏறுறேன்.

ஓயாக்கரை:
நிலத்துக்கு இல்லாம வேலைக்குக் காசு குடுக்கலாமே. பசளை போட்ட அன்னைக்கு விவசாயப் போதனாசிரியர் வந்து பார்த்து ஒப்பம் வைக்கட்டும், கூலி சங்கத்து வழியா வரட்டும். உறுதி கேட்க வேண்டிய தேவையே இல்ல.

மானாப்புல்:
அதுவரைக்கும் ஒருத்தர் தோட்டத்துக்கு ஒருத்தர் கைமாத்தா வேலைக்கு ஏறலாம். எங்க பக்கத்துல நாலு பேர் இருக்கோம்.

மேட்டுத்தோட்டம்:
சரி, இந்த ஐப்பசிக்கு ஒரு ஏக்கர்ல மட்டும் பிரிச்சுப் போடுறேன். மத்த ஏக்கர் பழையபடி. ரெண்டுக்கும் அடியில வேற வேற ஊத்து. அக்கா, நீங்க மழைக்கு முன்னமும் மழைக்குப் பிறகும் ரெண்டுலயும் போத்தல்ல பிடிச்சுப் பரிசோதனைக்கு அனுப்புங்க. காய்ப்ப நான் எண்ணி எழுதி வைக்கிறேன். காய் குறைஞ்சா அதையும் இங்க மறைக்காமப் போடுவேன்.

பசறைப்பக்கம்:
போத்தல் நாலு கழுவி வச்சிட்டேன். எந்த வழியா ஏறுறதுன்னு சொல்லுங்க.