புதுப்பிப்பு: ஜனவரியில் சியோல், கியோட்டோ

ஜனவரியில் சியோலும் கியோட்டோவும் போகலாமா, குளிர் தாங்குமா என்று முன்பு கேட்டிருந்தேன். போய் வந்துவிட்டோம். தாங்குகிறது, ஆனால் சியோலில் காற்று வீசும்போது காது இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கொரியப் பாரம்பரிய உடையான ஹான்போக் உடுத்தினால் கியோங்போக்குங் அரண்மனைக்குக் கட்டணம் இல்லை என்று ஒருவர் சொன்னது உண்மைதான். 1395இல் கட்டிய அரண்மனை, பின்னால் பனி படிந்த மலை, கண்கொள்ளாக் காட்சி. வாடகை உடைக்குள் கம்பளிச் சட்டைகளைத் திணித்ததில் கணவர் தலையணை போலாகிவிட்டார். படம் எடுக்க விடவில்லை! அங்கே செவ்வாய் விடுமுறை, பக்கத்துச் சாங்தொக்குங் அரண்மனைக்குத் திங்கள். கிழமை பார்த்துப் போங்கள். தரைக்கடியில் சூடேற்றும் ஒந்தோல் அறையைப் பரிந்துரைத்தவருக்குத் தனி நன்றி.

கியோட்டோவின் ஃபுஷிமி இனாரி ஆலயம் இரவிலும் திறந்திருக்கிறது, இலவசம். விடியுமுன் போனதால் செந்நிற வாயில் வரிசை முழுவதும் எங்களுக்கே. மலையிலிருந்து இறங்கும்போது திருவிழாக் கூட்டம். பொன் வேய்ந்த கோயிலான கின்ககுஜியில் பனியை எதிர்பார்த்தோம், மழைதான் பெய்தது.

சைவ உணவுக்காரர்கள் கவனிக்க: காய்கறி சூப்பில்கூட மீன் சாறு இருக்கலாம். புத்த மடாலயச் சமையலான ஷோஜின் ரியோரி கிடைக்கும் உணவகங்களைத் தேடுங்கள். விலை அதிகம், எனக்கு அது தகும் என்றே பட்டது. கணவருக்கு இன்னும் சந்தேகம்.

விசா கேள்விகளுக்கு நாளை பதில் எழுதுகிறேன்.