மாடியில் முதல் தோட்டம்: தக்காளி நாற்று சாய்கிறது, எதில் தொடங்கலாம்?

மதுரைவாசி:
வணக்கம். மதுரையில் மூன்றாவது மாடி வீடு, மொட்டை மாடியில் நாள் முழுக்க வெயில். சித்திரையில் எட்டுப் பை வாங்கி, செம்மண் நிரப்பி, தக்காளி விதை தூவினேன். முளை வந்ததும் என் மகள் தினமும் எழுந்தவுடன் மேலே ஓடுவாள். பத்தே நாளில் தண்டு அடியில் கறுத்து ஒவ்வொன்றாகச் சாய்ந்துவிட்டது. காலை, மாலை இரண்டு வேளையும் தண்ணீர் ஊற்றியும் இப்படி. ஆடி வருகிறது, மறுபடி தொடங்க வேண்டும். என்ன விதைக்கலாம்?

கீரைப்பாத்தி:
அந்த இரண்டு வேளைத் தண்ணீர்தான் காரணமாக இருக்கும். இது நாற்றழுகல், பூஞ்சையால் வருவது, தண்ணீர் வடியாத மண்ணில் வேகமாகப் பரவும். வெறும் செம்மண் பைக்குள் சீக்கிரம் இறுகிவிடும், அதனால் செம்மண், தேங்காய் நார்க்கழிவு, மண்புழு உரம் (அல்லது நன்றாக மக்கிய சாணம்) மூன்றையும் சம பங்கு கலந்து, பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கும் சேர்த்து, லேசாக நனைத்து ஒரு வாரம் விட்டு விதையுங்கள். நார்க்கழிவில் உப்பு இருக்கும், ஊறவைத்த தண்ணீரை இரண்டு மூன்று முறை கொட்டி அலசிய பிறகே கலக்க வேண்டும். தினமும் விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள், உள்ளே ஈரம் இருந்தால் அன்றைக்குத் தண்ணீர் வேண்டாம். பையின் அடியில் ஓட்டை இருக்கிறதா?

வெண்டைக்காய்:
ஆடிப்பட்டத்துக்கு வெண்டையும் கொத்தவரையும் போடுங்கள். நாற்று விடும் வேலையே இல்லை, விதையை இரவு ஊறவைத்துப் பையிலேயே ஊன்றலாம், வெண்டை 45 நாளில் காய்க்கத் தொடங்கும். தக்காளி, கத்தரி, மிளகாயைக் குழித்தட்டில் விதைத்து, 25, 30 நாள் நாற்றானதும் பைக்கு மாற்றுங்கள்.

கீரைப்பாத்தி:
மகளுக்காக ஒரு பையில் சிறுகீரையும் போடுங்கள், 25 நாளில் பறித்துவிடலாம். விதை பொடியாக இருக்கும், மணலோடு கலந்து தூவுங்கள். எறும்பு தூக்கிக்கொண்டு போகும், சுற்றிலும் கொஞ்சம் மஞ்சள்தூள் போட்டு வைப்பேன் நான்.

மதுரைவாசி:
பையில் ஓட்டை நான்கு இருக்கிறது, ஆனால் தரையோடு ஒட்டி வைத்திருந்தேன். பழைய மண்ணைக் கொட்டிவிடவா?

வெண்டைக்காய்:
கொட்ட வேண்டாம். மெல்லிசாகப் பரப்பி ஒரு வாரம் நல்ல வெயிலில் காயவிட்டு, புதுக் கலவையில் சேருங்கள், ஆனால் அதில் உடனே தக்காளி வேண்டாம், வெண்டைக்கு வைத்துக்கொள்ளுங்கள். பைகளைச் செங்கல் மேல் ஏற்றி வையுங்கள், தண்ணீரும் வடியும், தளத்திலும் ஈரம் நிற்காது.