பிரேக் பெடல் பஞ்சாக அமுங்கிய கதைகள்: உங்களுக்கு எங்கே காற்று பிடித்தது?

காரின் முன்பக்கக் காலிப்பர் (டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பிரேக் பாகம்) இரண்டும் இறுகிப்போனதால் நானே புதுசு வாங்கி மாட்டினேன். மாட்டியது அரை நாள். ஏர் எடுத்தது, அதாவது பிரேக் ஆயிலில் சிக்கிய காற்றை வெளியேற்றியது, மூன்று நாள். மனைவி உள்ளே உட்கார்ந்து மிதிக்க, நான் கீழே படுத்து, காலிப்பரில் காற்றை வெளியேவிடும் நிப்பிளைத் திறந்து மூட, "மிதி, பிடி, விடாதே" என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டது. ஒரு லிட்டருக்கு மேல் பிரேக் ஆயில் காலி. கடைசியில் டியூபில் ஒரு குமிழிகூட வரவில்லை. ஆனால் பெடல் மட்டும் பாதிவரை கொழகொழ. இரண்டு தடவை வேகமாக அடித்தால் மேலே வரும். கொஞ்சம் விட்டுவிட்டு மிதித்தால் மறுபடி பஞ்சு.

மிதிக்கும்போது ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர்தான் போச்சு என்று முடிவுகட்டி, வாங்கக் கிளம்பியும் விட்டேன். வழியில் வந்த நண்பர் சக்கரத்துக்குப் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "நிப்பிள் ஏன்டா தரையைப் பார்த்துக்கிட்டு இருக்கு?"

இடது காலிப்பரை வலதிலும் வலதை இடதிலும் மாட்டியிருக்கிறேன். போல்ட் பொருந்தியது, ஹோஸும் எட்டியது, அதனால் சந்தேகமே வரவில்லை. காற்று எப்போதும் மேல் மூலையில்தான் போய் உட்காரும். நிப்பிள் வாய் கீழே இருந்தால் சுத்தமான ஆயில்தான் வரும், காற்று இருந்த இடத்திலேயே இருக்கும். இடம் மாற்றி மாட்டியதும் ஒரே சுற்றில் பெடல் தூக்கிக்கொண்டது.

* * *

தம்பி, நல்லவேளை அந்த நண்பர் வந்தார். மாஸ்டர் சிலிண்டரைச் சந்தேகப்பட்டால் முதலில் காலால் கேளுங்கள். என்ஜின் ஓடும்போது பெடலை ஒரே அழுத்தமாக மிதித்துப் பிடியுங்கள். மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போனால், வெளியே எங்கும் ஒழுகலும் இல்லை என்றால், மாஸ்டர் சிலிண்டருக்குள் சீல் ஆயிலைப் பின்னுக்கு விடுகிறது. இறங்காமல் ஸ்பிரிங் மாதிரி மட்டும் இருந்தால் காற்று, இல்லாவிட்டால் உப்பிப்போன ரப்பர் ஹோஸ். அடிக்க அடிக்க மேலே வந்தால் காற்று அல்லது பின் சக்கர டிரம் பிரேக்கில், டிரம்முக்கும் அதை உள்ளிருந்து அழுத்தும் ஷூவுக்கும் இடைவெளி அதிகம்.

என்ஜினை அணைத்து ஐந்தாறு தடவை மிதித்துவிட்டு, மிதித்தபடியே ஸ்டார்ட் பண்ணும்போது பெடல் கொஞ்சம் இறங்கும். அது பூஸ்டர் (கால் அழுத்தத்தைக் கூட்டித்தரும் பாகம்) வேலை செய்வதற்கு அடையாளம். அதைக் கோளாறு என்று நினைத்து வண்டியைக் கொண்டுவருகிறவர்கள் வாரத்துக்கு ஒருவர்.

எந்தச் சக்கரம் என்று தெரியாவிட்டால், ஹோஸ்களை மழுங்கின வாய் உள்ள கிளாம்பால் இறுக்குங்கள் (வெறும் பிளையரால் நசுக்கினால் ஹோஸ் போயே போச்சு). நான்கையும் இறுக்கியதும் பெடல் கல் மாதிரி நின்றால் மாஸ்டர் சிலிண்டர் குற்றவாளி இல்லை. பிறகு ஒவ்வொன்றாக விடுங்கள். எதை விட்டதும் பெடல் தொய்கிறதோ, அந்தச் சக்கரத்தைக் கழற்றுங்கள்.

* * *

என் கதையில் ரிப்பேரே கிடையாது. நீண்ட மலை இறக்கம், டாப் கியர், கால் பிரேக்கிலேயே. பாதி வழியில் பெடல் திடீரென்று அடிவரை போய்விட்டது. ஹேண்ட் பிரேக்கும் கீழ் கியருமாக எப்படியோ ஓரம் கட்டினேன். அரை மணி நேரம் கழித்து மிதித்தால் பெடல் பழையபடி கெட்டி! சரியாகிவிட்டது என்று நினைத்து ஒரு வாரம் அப்படியே ஓட்டினேன். இப்போது நினைத்தாலும் வயிறு கலங்குகிறது.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். டாட் 4 என்ற ரக ஆயில் என்றால் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ்வரை கொதிக்கக் கூடாது, 3.7 சதவீதம் நீர் சேர்ந்த நிலையில் அந்த வரம்பு 155 தான். என் வண்டியில் ஆயில் மாற்றி ஐந்து வருடம். காலிப்பருக்குள்ளேயே கொதித்து ஆவியாகியிருக்கிறது. ஆவியை அமுக்கலாம், ஆயிலை அமுக்க முடியாது, அவ்வளவுதான் விஷயம். இப்போது இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மாற்றுகிறேன். பாதி திறந்து வைத்த பழைய டப்பாவை எடுத்து ஊற்றுவதில்லை.

* * *

ஒரு சின்ன எச்சரிக்கை. பழைய வண்டிக்கு ஏர் எடுக்கும்போது பெடலைத் தரைவரை மிதித்தேன். தினசரி ஓட்டத்தில் பிஸ்டன் போகாத இடத்தில் துரு இருந்திருக்கிறது, சீல் கிழிந்துவிட்டது. ஏர் எடுக்கப் போய் மாஸ்டர் சிலிண்டர் வாங்கினேன். இப்போது பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைத்துவிட்டுத்தான் மிதிக்கச் சொல்கிறேன்.

* * *

ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள வண்டியில் ஆயில் டப்பா ஒரு தடவை வற்றிவிட்டால் சில மாடல்களில் கையால் எவ்வளவு எடுத்தாலும் போதாது. யூனிட்டுக்குள் சிக்கிய காற்றை, ஸ்கேனரால் அதன் பம்பை ஓடவிட்டுத்தான் வெளியேற்ற வேண்டும். நான் ஒரு ஞாயிறு முழுக்க மிதித்துத் தெரிந்துகொண்டது இது.

* * *

எல்லாரும் காற்றையே துரத்துகிறீர்கள். பின்னால் டிரம் உள்ளவர்கள் ஹேண்ட் பிரேக்கை இரண்டு மூன்று கிளிக் இழுத்துவிட்டுப் பெடலை மிதித்துப் பாருங்கள். பெடல் உயர்ந்தால் ஷூ டிரம்மை விட்டுத் தள்ளி நிற்கிறது, அந்த இடைவெளியைச் சரிசெய்யும் அட்ஜஸ்டர் வேலை செய்யவில்லை. எனக்கு இரண்டு ஒர்க்ஷாப்பில் நான்கு தடவை ஏர் எடுத்தார்கள். டிரம்மை ஒருவர்கூடக் கழற்றவில்லை.

* * *

முதலில் எழுதியவன்தான். காலிப்பர் சரியான பிறகும் பெடலில் ஒரு விரல் அளவு தொய்வு இருந்தது, பழகிவிட்டது என்று விட்டிருந்தேன். மேலே சொன்னபடி ஹேண்ட் பிரேக்கை மூன்று கிளிக் இழுத்து மிதித்தேன். அந்த ஒரு விரலும் காணோம். ஞாயிற்றுக்கிழமை டிரம்மைக் கழற்றுகிறேன். இனி மிதிக்க வரமாட்டேன் என்று மனைவி முன்கூட்டியே சொல்லிவிட்டாள். அட்ஜஸ்டர் திருக நான் ஒருவனே போதும்.