அயல்நாட்டு மென்பொருள் சார்பைக் குறைக்க வழிகாட்டுதல் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். நாற்பது பேர் பணிபுரியும் எங்கள் நிறுவனத்தின் மின்னஞ்சல், கோப்புகள், கணக்குப் பதிவுகள் அனைத்தும் ஒரே அயல்நாட்டு நிறுவனத்தின் கிளவுட் சேவையில் இருக்கின்றன. கடந்த மாதம் முன்னறிவிப்பின்றி எங்கள் நிர்வாகிக் கணக்கு முடக்கப்பட்டு, இரண்டு நாள் ஊதியப் பட்டியலைக்கூடத் திறக்க முடியாமல் நின்றபோதுதான், சாவி எங்கள் கையில் இல்லை என்பது உறைத்தது. மேலும், 2018இல் அமெரிக்கா இயற்றிய கிளவுட் சட்டத்தின்படி, அந்நாட்டு நிறுவனங்கள் தம் வசமுள்ள தரவுகளை, அவை எந்த நாட்டுச் சர்வரில் இருந்தாலும், உரிய சட்டபூர்வ ஆணை வந்தால் ஒப்படைக்க வேண்டியிருக்கும்.

ஜெர்மனியின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநில அரசு சுமார் 30,000 கணினிகளை லிப்ரேஆபிஸ் என்னும் கட்டற்ற அலுவலக மென்பொருளுக்கு மாற்ற 2024இல் முடிவெடுத்தது. ஆகவே இது நடக்கக்கூடியதே என்று நம்புகிறேன். கோப்புகளைச் சொந்தச் சர்வரில் சேமித்துப் பகிர நெக்ஸ்ட்கிளவுட் மென்பொருள், ஆவணங்களுக்கு ஓடிஎஃப் என்னும் திறந்த கோப்பு வடிவம் என்பது வரை தீர்மானித்துவிட்டோம். தடுமாற்றம் எக்செல் கோப்புகளில்தான்: விடுப்புக் கணக்கில் உள்ள மேக்ரோ (வேலைகளைத் தானாகச் செய்யும் சிறு நிரல்), லிப்ரேஆபிஸில் திறந்ததும் பாதியிலேயே பிழை காட்டி நின்றுவிடுகிறது. இத்தகைய மேக்ரோக்களைத் திருத்தி எழுதுவதா, அல்லது அந்தக் கணக்கையே தரவுத்தளத்துக்கு மாற்றுவதா? மின்னஞ்சல் சர்வரைச் சொந்தமாக நடத்துவோர், அனுப்பும் மடல்கள் ஸ்பேமில் விழாமல் எப்படிப் பார்த்துக்கொள்கிறீர்கள்? பழைய சேவையை எத்தனை மாதம் இணையாக வைத்திருந்தீர்கள் என்பதையும் அன்புகூர்ந்து தெரிவியுங்கள்.