மாடி அறையில் கேட்கும் ‘உம்ம்ம்’

குழு: மலைவீட்டுச் சொந்தங்கள்

வியாழன்

நான் (குன்னூர்) · இரவு 8.12
எல்லோரும் சாப்பிட்டாச்சா? எனக்கு ஒரு உதவி வேண்டும். மாடியில் இருக்கிற சின்ன அறையில் பிளஸ் டூ வரலாற்றுப் பாடத்தை வாசித்துப் பதிவு செய்கிறேன் இல்லையா, பார்வையற்ற பிள்ளைகளுக்காக? ஆறு பாடம் முடித்து அனுப்பிவிட்டேன். கேட்கிற பெண் ஒருத்தி இன்று போன் செய்தாள். “அக்கா, உங்க குரலுக்குப் பின்னாடி உம்ம்ம்னு ஒண்ணு ஓடிக்கிட்டே இருக்கு. கொஞ்ச நேரத்துல தலை வலிக்குது”ன்னு சொன்னாள்.

நான் · இரவு 8.14
அவள் இரண்டு மடங்கு வேகத்தில் வைத்து, ஹெட்போனில் மூன்று மணி நேரம் கேட்கிறாளாம். அந்தப் பிள்ளைகள் படிக்கிறதே அப்படித்தான். டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு. மனசு கேட்கவில்லை. என் போன் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டபோது எனக்கு அது தெரியவே இல்லை.

சித்தி (கூடலூர்) · இரவு 8.20
போன் ஸ்பீக்கர் அவ்வளவு அடிக்குரலைக் காட்டாது பாப்பா. சுவரில் முட்டை அட்டை ஒட்டிப் பார். எங்கள் பக்கத்து வீட்டுப் பையன் பாட்டு பதிவு செய்ய அப்படித்தான் ஒட்டியிருக்கிறான்.

தம்பி (சென்னை) · இரவு 8.41
சித்தி, முட்டை அட்டை அறைக்குள் எழும் எதிரொலியைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான். வெளிச்சத்தத்தை நிறுத்தாது. அதற்குக் கனமான சுவர் வேண்டும். தீப்பிடித்தால் அது வேறு ஆபத்து.

தம்பி (சென்னை) · இரவு 8.43
அக்கா, பேசாமல் 10 விநாடி பதிவு செய்து அனுப்பு. மைக் வழக்கமான இடத்திலேயே இருக்கட்டும், கெயினை, அதாவது மைக் ஒலியைக் கூட்டிக் குறைக்கிற திருகை, தொடாதே. வாய்ஸ் நோட்டாக அனுப்பாதே, வாட்ஸ்அப் அமுக்கிவிடும். டாக்குமென்ட்டாக அனுப்பு.

நான் · இரவு 9.05
[கோப்பு: வெறும் அறை]

தம்பி (சென்னை) · இரவு 9.32
ஸ்டுடியோவில் போட்டுப் பார்த்துவிட்டேன். 50, 100, 150, 200 ஹெர்ட்ஸில் வரிசையாகக் கம்பு நட்ட மாதிரி நிற்கிறது. நம் நாட்டுக் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 50 தடவை ஆடும். அதன் மடங்குகள்தான் மற்றவை. ஆக இது காற்றில் வருகிற சத்தம் இல்லை, வயரில் வருகிறது. அறைக்கு எத்தனை கம்பளி போர்த்தினாலும் போகாது.

தம்பி (சென்னை) · இரவு 9.35
வெறும் அறையே மைனஸ் 43 டெசிபல் காட்டுகிறது. மைனஸில் எண் கூடக் கூட அமைதி அதிகம். ஆடியோபுக் வேலையில் மைனஸ் 60க்குக் கீழே இருக்கச் சொல்வார்கள். 17 டெசிபல்தானே என்று நினைக்காதே, அலையின் உயரத்தில் அது ஏழு மடங்கு.

நான் · இரவு 9.37
மென்பொருளில் சத்தம் நீக்கும் வசதி இருக்கிறதே, அதில் போட்டால் போகாதா? ஆறு பாடத்தையும் மறுபடி வாசிக்காமல் தப்பிக்கப் பார்க்கிறேன்.

தம்பி (சென்னை) · இரவு 9.46
போகும். ஆனால் உன் குரலையும் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போகும். 80க்குக் கீழே வெட்டினால் 50 போய்விடும், உன் குரலுக்கு ஒன்றும் ஆகாது. 200, 250 எல்லாம் உன் குரலுக்கு நடுவிலேயே உட்கார்ந்திருக்கிறது. அதைச் சுரண்டினால் தண்ணீருக்குள் இருந்து பேசுவது போல ஆகிவிடும். அந்தப் பெண் அதையும் இரட்டை வேகத்தில் கேட்க வேண்டும். சத்தம் உள்ளே வருகிற இடத்தைக் கண்டுபிடிப்போம் அக்கா.

வெள்ளி

நான் · இரவு 7.50
ஒரு விஷயம் நடந்தது! இங்கே அந்தியில் இருந்தே மழை, ஏழு மணிக்குக் கரண்ட் போய்விட்டது. லேப்டாப் பேட்டரியில் ஓடியது. மழை கொஞ்சம் விட்டதும் சும்மா 10 விநாடி பதிவு செய்தேன். உம்ம்ம் இல்லை! தகரத்தில் சொட்டுகிற சத்தம் மட்டும்தான்.

தம்பி (சென்னை) · இரவு 7.58
இதைவிட நல்ல சோதனை நானே வைத்திருக்க முடியாது. கரண்ட் வந்ததும் ஒவ்வொன்றாகப் பார். ஒரு தடவைக்கு ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். மாற்றி 10 விநாடி பதிவு, அப்புறம் அடுத்தது. இரண்டை ஒன்றாக மாற்றினால் எது காரணம் என்று தெரியாமல் போய்விடும்.

நான் · இரவு 10.26
செய்தேன். டியூப்லைட்டை அணைத்தபோது மெல்லிய ‘ஸ்ஸ்’ ஒன்று போனது, உம்ம்ம் அப்படியே இருந்தது. போனை வேறு அறையில் வைத்தேன், மாற்றம் இல்லை. மைக் வயரைக் கரண்ட் வயரில் இருந்து தள்ளிப் போட்டேன், துளி குறைந்த மாதிரி இருந்தது. கடைசியாக லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கினேன். சட்டென்று நின்றது. மறுபடி சொருகினேன், வந்தது. நான்கு தடவை செய்து பார்த்துவிட்டேன்.

நான் · இரவு 10.28
இன்னொன்று. சார்ஜர் மாட்டியிருக்கும்போது மைக்கின் இரும்பு உடம்பைக் கையால் பிடித்தால் சத்தம் பாதியாகிறது. விட்டால் ஏறுகிறது. லேப்டாப் ஓரத்தைத் தடவினால் விரலில் விர்ர் என்று ஏதோ ஓடுகிறது. இது முன்பிருந்தே உண்டு, குளிர்காலம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாமா (ஊட்டி) · இரவு 10.31
கண்ணு, அந்த லேப்டாப்பை இனிமேல் சார்ஜரோடு தொடாதே. பிடுங்கி வை. காலையில் பேசுகிறேன்.

சனி

மாமா (ஊட்டி) · காலை 6.40
இரவு முழுக்க அதே யோசனை. முப்பது வருஷம் கரண்ட் வேலை பார்த்தவன் சொல்கிறேன், கவனமாகக் கேள். மூன்று பின் சார்ஜருக்குள் ஒரு வடிகட்டி இருக்கும். அதில் கசிகிற கொஞ்சம் கரண்ட் எர்த் வழியாக மண்ணுக்குப் போக வேண்டும். எர்த் இல்லை என்றால் அது லேப்டாப் உடம்பிலேயே நிற்கும். 230ல் பாதி, 115 வோல்ட் அளவுக்கு மிதக்கும். கரண்ட் மிகக் குறைவு, அதனால் கையில் விர்ர் என்கிறது. அங்கிருந்து யூஎஸ்பி வயர் வழியாக, மைக்கை லேப்டாப்போடு இணைக்கிற உன் இன்டர்ஃபேஸ் பெட்டிக்கும், அதில் இருந்து மைக்குக்கும் ஏறுகிறது. நீ கையால் பிடித்தால் சத்தம் குறைகிறதென்றால் உன் உடம்பே எர்த்தாக வேலை செய்கிறது என்று அர்த்தம்.

அம்மா · காலை 6.52
அண்ணா எனக்கு பயமா இருக்கு

மாமா (ஊட்டி) · காலை 6.54
பயப்படாதே. நாளைக்கு முதல் பஸ்ஸில் வருகிறேன்.

நான் · காலை 11.20
மாமா, கடைவீதியில் ஒரு எலக்ட்ரிக் கடையில் கேட்டேன். சார்ஜர் பிளக்கில் அந்தப் பெரிய பின்னை உடைத்துவிடுங்கள், அந்த உம்ம்ம் போய்விடும் என்றார்கள். இரண்டு பின் அடாப்டர் ஒன்றும் காட்டினார்கள். வாங்கவில்லை.

மாமா (ஊட்டி) · காலை 11.22
வாங்காதது நல்லது. அந்தப் பின்னை யாரும் எந்த வீட்டிலும் உடைக்கக் கூடாது. சார்ஜரில் பழுது வந்து பேஸ் (கரண்ட் வருகிற வயர்) லேப்டாப் உடம்புக்கு ஏறினால், அந்தப் பின்தான் கரண்டை மண்ணுக்கு இழுத்து ஃபியூஸைப் போக்கும். அது இல்லாவிட்டால் உன் கை வழியாகப் போகும். அதுவும் ஈரத்தரை உள்ள மலைவீடு.

தம்பி (சென்னை) · காலை 11.40
மாமா சொல்வது நூற்றுக்கு நூறு. ஸ்டுடியோக்காரர்களே சிலர் அப்படிச் செய்கிறார்கள், எனக்கு அது ஆகவே ஆகாது. அக்கா, மாமா வரும் வரை பேட்டரியிலேயே பதிவு செய். இன்டர்ஃபேஸும், அது மைக்குக்குக் கொடுக்கிற 48 வோல்ட் பேண்டம் பவரும் யூஎஸ்பியில்தான் ஓடுகிறது, சார்ஜர் தேவையில்லை. பேட்டரி கொஞ்சம் சீக்கிரம் தீரும், அவ்வளவுதான்.

ஞாயிறு

நான் · பகல் 12.48
மாமா வந்து கண்டுபிடித்துவிட்டார். சமையலறை பிளக்கில் பேஸுக்கும் எர்த்துக்கும் 226 வோல்ட் காட்டியது, சரியாக இருக்கிறது. மாடி அறையில் அதே இடத்தில் மீட்டர் 40, 52, 38 என்று அலைந்தது. பிளக் பாயின்ட்டைக் கழற்றினார். மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் வயரே இல்லை!

நான் · பகல் 12.51
அந்த அறை முன்பு விறகும் மூட்டையும் போட்டு வைக்கிற இடம். ஒரு பல்பு எரிந்தால் போதும் என்று இரண்டே வயர் இழுத்திருக்கிறார்கள். பிறகு யாரோ அதிலேயே மூன்று ஓட்டை பிளக் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பார்க்க எல்லாம் சரியாக இருக்கிறது. இத்தனை நாள் நான் எர்த் இல்லாத பிளக்கில் உட்கார்ந்து வாசித்திருக்கிறேன்.

மாமா (ஊட்டி) · மாலை 4.35
மெயின் போர்டில் இருந்து 14 மீட்டர் பச்சை எர்த் வயர் இழுத்தாச்சு. பின்பக்கத்து எர்த் குழியையும் பார்த்தேன். மலையில் மேல்மண் சில இடத்தில் இரண்டடிதான், கீழே பாறை. மழைக்காலத்தில் ஈரம் இருக்கும், மார்ச்சில் காய்ந்துவிடும். அதனால் கரியும் உப்பும் புதிதாகப் போட்டிருக்கிறேன். கோடையில் வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானே அணைக்கிற சுவிட்ச்) ஒன்றும் வாங்கச் சொல்லியிருக்கிறேன், அடுத்த தடவை வந்து மாட்டுகிறேன். எல்லா வீட்டிலும் இதைப் பாருங்கள். கூடலூரிலும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

சித்தி (கூடலூர்) · மாலை 4.41
சரி அண்ணா. எங்கள் வாஷிங் மெஷினும் தொட்டால் விர்ர் என்கிறது. யாரையாவது கூட்டி வந்து பார்க்கச் சொல்கிறேன்.

நான் · மாலை 5.10
[கோப்பு: வெறும் அறை, எர்த் போட்ட பின்]

தம்பி (சென்னை) · மாலை 5.33
மைனஸ் 57! அந்தக் கம்பு வரிசையே காணோம். மாமாவுக்கு என் சார்பில் ஒரு காபி கொடு. ஆனால் 100க்குப் பக்கத்தில் லேசாக ஒன்று இன்னும் இருக்கிறது. விட்டு விட்டு வருகிறது. இது வயர் இல்லை, ஏதோ ஓடுகிறது.

நான் · மாலை 5.36
ஆமாம்! இதற்கு முன்னால் உம்ம்ம் அதை மூடியிருந்தது போல. ஹெட்போனில் இப்போதுதான் கேட்கிறது. நான் உட்காரும் இடத்துக்கு நேர் கீழே ஃபிரிட்ஜ். இங்கே மாடித் தரை பலகை, அதன் வழியாக அதிர்வு ஏறி மைக் ஸ்டாண்டுக்கு வருகிறது.

தம்பி (சென்னை) · மாலை 5.44
ஸ்டாண்டுக்குக் கீழே மடித்த கம்பளி இரண்டு வை. பதிவு செய்யும் ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜை அணைத்துவிடு, கதவைத் திறக்காமல் இருந்தால் உள்ளே ஒன்றும் கெடாது. மறுபடி போட மறக்காமல் இருக்க, ஸ்கூட்டர் சாவியை ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிடு. இங்கே ஒலிப்பதிவுக்காரர்கள் காலங்காலமாகச் செய்வது இது. வண்டியை எடுக்கும்போது ஞாபகம் வந்துவிடும்.

அம்மா · மாலை 5.50
பால் கெட்டால் கேட்பேன்

தம்பி (சென்னை) · மாலை 5.58
கடைசியாக ஒன்று அக்கா. உன் பழைய பதிவில் மைக் தூரமாக இருக்கிறது போல் தெரிகிறது. ஒரு சாண் தூரத்துக்கு வா. தூரம் பாதியானால் உன் குரல் 6 டெசிபல் ஏறும், கெயினை அந்த அளவுக்குக் குறைக்கலாம். அறைச் சத்தமும் அதோடு இறங்கிவிடும். முன்னால் அந்தத் துணி வடிகட்டியை வைக்க மறக்காதே, ‘ப’, ‘ப்ப’ வெடிக்கும்.

நான் · மாலை 6.03
சில நாள் காலையில் ‘பட், பட்’ என்று வெடிக்கிறதே, அதுவும் ‘ப’வினாலா?

தம்பி (சென்னை) · மாலை 6.07
நீ பேசாதபோதும் வருகிறதா? அப்படியென்றால் ஈரம். கண்டென்சர் மைக்குக்கு உங்கள் ஊர் மூடுபனி ஆகாது. மூடி இறுக்கமான டப்பாவில் சிலிகா ஜெல் பைகளோடு வை. எடுத்ததும் பேசத் தொடங்காமல் கால் மணி நேரம் பவர் கொடுத்து வைத்துவிட்டு ஆரம்பி.

சித்தி (கூடலூர்) · மாலை 6.15
அப்படியே மழைக்கும் ஒரு வழி சொல்லேன் கண்ணா.

தம்பி (சென்னை) · மாலை 6.19
மழைக்கு வழியே இல்லை சித்தி. தகரத்தில் விழும் மழையில் எல்லா ஸ்வரமும் இருக்கிறது, குரலில் இருந்து பிரிக்க முடியாது. நேரம் பார்த்துத்தான் வாசிக்க வேண்டும்.

நான் · மாலை 6.34
அதை நான் கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். உங்களுக்கு ஜூன், ஜூலையில்தான் அதிகம் கொட்டும் சித்தி. குன்னூருக்கு அக்டோபர், நவம்பர்தான் பெருமழை. பெரும்பாலும் மதியத்துக்கு மேல் பிடித்துக்கொள்கிறது. காலை ஆறு மணிக்கு சீகாரப் பூங்குருவி சீட்டி அடிக்க ஆரம்பிக்கும். பத்தரை மணி வாக்கில் மேட்டுப்பாளையம் ரயில் ஊதிக்கொண்டு வரும். நடுவில் பள்ளி வேன்கள். ஆக இரவு பத்துக்கு மேல், அல்லது விடியற்காலை நான்கில் இருந்து ஐந்தரை வரை.

மாமா (ஊட்டி) · மாலை 6.40
நான்கு மணிக்கு எழுந்தால் ஸ்வெட்டரும் குல்லாவும் போட்டுக்கொள். ஹீட்டர் போடாதே, அதுவும் சத்தம் போடும். போகும் முன் சொல்லிவிட்டுப் போகலாம் என்றுதான் எழுதுகிறேன், பஸ் வந்துவிட்டது.

திங்கள்

நான் · காலை 5.42
[கோப்பு: பாடம் 1, முதல் பத்தி]

தம்பி (சென்னை) · காலை 8.05
இப்போதுதான் எழுந்து கேட்டேன். மைனஸ் 64. உன் குரல் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருக்கிறது. கடைசி வரியில் குருவி வந்துவிட்டது, அந்த ஒரு வரியை மட்டும் திரும்ப வாசி.

நான் · காலை 8.30
அந்தப் பெண்ணுக்கும் அனுப்பினேன். இரட்டை வேகத்தில் போட்டுக் கேட்டாளாம். “அக்கா, இப்ப நீங்க மட்டும்தான் இருக்கீங்க”ன்னு சொன்னாள். பழைய ஆறு பாடத்தையும் முதலில் இருந்து வாசிக்கப் போகிறேன். நாளுக்கு ஒன்று என்றால் இந்த வாரம் முடிந்துவிடும்.

அம்மா · காலை 9.12
ஸ்கூட்டர் சாவி எங்கே என்று தேடாதே. ஃபிரிட்ஜில் பால் பக்கத்தில் இருக்கிறது. ஃபிரிட்ஜை நான் போட்டுவிட்டேன்